இரும்பை எடுத்துவிட்டு அலுமினியம் போடுவதற்கு முன்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் வீடு வைத்திருப்பவருக்கு இரும்பின் குணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாவலடியிலோ கல்லடியிலோ களுதாவளையிலோ, கடலுக்கு முகம் கொடுத்த யன்னல் கிறிலில் பெயின்ட் எந்த இடத்தில் கீறுபட்டதோ அந்த இடத்தில் கறள் பிடித்துவிடும். சுரண்டிப் பூசினாலும் மறுபடி அதே இடத்திலிருந்துதான் கிளம்பும். தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை இதே பாடுதான். ஆகவே யன்னல், கதவு, விறாந்தைத் தடுப்பு, மாடிக் கைபிடி என்று ஒவ்வொன்றாக அலுமினியத்துக்கு மாறி வருகின்றன. மாற்ற வருபவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி அனேகமாக ஒன்றுதான்: இரும்பளவுக்கு இது பலமா?

சரியான வகையைத் தேர்ந்தால் பலம்தான். ஆனால் மாற்றிய பிறகு வருகிற முறைப்பாடுகளைப் பாருங்கள். கைபிடி ஆடுகிறது, நீண்ட சட்டம் தொய்கிறது, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் வெடிக்கிறது, ஸ்குரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கிறது. இவற்றில் எதுவும் நேரடியாகப் பலத்தைப் பற்றியது இல்லை. பலத்தை மட்டும் கேட்டு வாங்குவதால்தான் மற்றவை கவனத்திலிருந்து தப்பிவிடுகின்றன.

இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தித் தொடங்கலாம். ஒருபக்கம், நம் பட்டறைகளில் வெறுமனே இரும்பு என்று விற்கப்படும் மென்னுருக்கு. இரும்போடு கால் வீதம் அல்லது அதற்கும் குறைந்த காபன் சேர்ந்த கலப்புலோகம் இது. மறுபக்கம், 6061-டி6 என்ற அலுமினியக் கலப்புலோகம். அலுமினியத்தோடு ஏறத்தாழ 1 வீதம் மக்னீசியமும் அதைவிடச் சற்றுக் குறைவாகச் சிலிக்கனும் சிறிதளவு செம்பும் சேர்த்து, வெப்பத்தால் பதப்படுத்தியது. மென்னுருக்கு திரும்ப நிமிராதபடி வளையத் தொடங்கும் தகைப்பு, அதாவது ஓரலகு பரப்பில் விழும் விசை, ஏறத்தாழ 250 மெகா பஸ்கால். 6061-டி6 வளையத் தொடங்குவது ஏறத்தாழ 275இல். இந்த அளவில் அலுமினியம் ஒரு படி மேலே நிற்கிறது. அறுந்து போகும் எல்லையில் நிலைமை மாறுகிறது: அலுமினியம் 310இல் விடுகிறது, மென்னுருக்கு 400க்கு மேலும் தாங்கி, அறுவதற்கு முன் நன்றாக இழுபட்டு எச்சரிக்கை தருகிறது. கன சென்ரிமீற்றருக்கு அலுமினியம் 2.7 கிராம், உருக்கு 7.85 கிராம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே பாரத்துக்கு, வளையாமல் தாங்குவதில் அலுமினியத்தின் பலம் ஏறத்தாழ மூன்று மடங்கு. அலுமினியம் மெலிந்த உலோகம் என்ற நினைப்புக்கு இங்கே இடமில்லை.

அந்த நினைப்பு வந்ததற்கும் காரணம் உண்டு. தூய அலுமினியம் உண்மையிலேயே மெலிந்தது. பதப்படுத்தாத நிலையில் 30 மெகா பஸ்காலைக்கூட எட்டுவது அரிது. 1906இல் ஜேர்மனியில் அல்பிரட் வில்ம் என்ற உலோகவியலாளர் செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி, நீரில் சடுதியாகக் குளிர்த்தினார். உருக்கைப் போல அது உடனே கடினமாகிவிடும் என்று எதிர்பார்த்தார், ஆகவில்லை. சில நாட்கள் கழித்து அளந்தபோதுதான் அது தானாகவே கடினமாகியிருந்தது. குளிரும்போது அலுமினியத்துக்குள் கரைந்தபடி சிக்கிக்கொண்ட அணுக்கள், பிறகு மெல்லமெல்ல ஒன்றுசேர்ந்து நுண்ணிய திரளைகளாகின்றன. உலோகத்தின் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவிடாமல் அந்தத் திரளைகள் மறிக்கின்றன. இன்று 6061ஐ ஏறத்தாழ 530 பாகை செல்சியசில் சூடாக்கி நீரில் குளிர்த்தி, பின்னர் 160, 175 பாகையளவில் பல மணி நேரம் வைத்திருப்பது இதற்காகத்தான். டி6 என்ற குறி அந்தப் பதத்தைச் சொல்கிறது. அதே 6061 பதப்படுத்தாமல் வந்தால் பலம் 55 மெகா பஸ்காலுக்கு இறங்கிவிடும். இலக்கத்தை மட்டும் பார்த்து, பின்னால் வரும் குறியைப் பாராமல் வாங்குவது பாதிப் பெயரைக் கேட்டு ஆளைத் தேடுவதற்குச் சமம்.

யன்னல் சட்டங்களுக்குப் பெரும்பாலும் வருவது 6061 இல்லை, 6063. அச்சினூடாகப் பிதுக்கி நுணுக்கமான வடிவங்கள் எடுக்க ஏற்றது, மேற்பரப்பும் அழகாக வரும். டி5 பதத்தில் அது வளையத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 145 மெகா பஸ்கால், டி6இல் ஏறத்தாழ 214. கண்ணாடியைத் தாங்கும் யன்னலுக்கு 145 தாராளம். அதே சட்டத் துண்டை எடுத்து மாடிக் கைபிடிக்கோ ஏணிக்கோ பயன்படுத்துவது வேறு விடயம்.

இனி விறைப்புக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதையே சொல்வேன். ஒரு பொருள் எவ்வளவு சுமையில் நிரந்தரமாக வளைகிறது என்பது பலம். அந்த எல்லைக்கு வெகு முன்னரே, சுமை வைத்ததும் எவ்வளவு குனிந்து கொடுக்கிறது என்பது விறைப்பு. பாடசாலைப் பௌதிகவியலில் யங்கின் மட்டு என்று படித்தது இதைத்தான். உருக்குக்கு அது ஏறத்தாழ 200 கிகா பஸ்கால், அலுமினியத்துக்கு ஏறத்தாழ 70. கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று.

இந்த எண்ணை வழக்கமான கலப்பாலும் பெரிதாக மாற்ற முடியாது, சூட்டாலும் மாற்ற முடியாது. விலை குறைந்த 6063ஆக இருந்தாலும், விமானங்களுக்குப் போகும், 500 மெகா பஸ்கால் தாங்கும் 7075ஆக இருந்தாலும் விறைப்பு அதே 70ஐச் சுற்றித்தான். உருக்கிலும் அப்படியே: மென்னுருக்கும் வில்லுருக்கும் பலத்தில் எட்டாத தூரத்தில் இருக்கின்றன, விறைப்பில் ஒன்றாக நிற்கின்றன. அணுக்களுக்கிடையிலான பிணைப்பு தீர்மானிக்கிற பண்பு இது. பதப்படுத்தல் அந்தப் பிணைப்பைத் தொடுவதில்லை.

பட்டறையில் இது எப்படி வெளிப்படுகிறது? விறாந்தையில் 40 மில்லிமீற்றர் சதுர இரும்புப் பெட்டிச் சட்டம் ஒன்று மூன்று மீற்றர் நீளத்துக்குக் கிடந்து ஏதோ ஒரு சுமையைத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கறள் பிடித்ததென்று அதைக் கழற்றி, அதே 40 மில்லிமீற்றர், அதே தகட்டுத் தடிப்பில் அலுமினியம் போடுகிறோம். அதே சுமைக்கு முன்னர் 5 மில்லிமீற்றர் தொய்ந்த இடத்தில் இப்போது ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் தொய்யும். உடையாது, நிரந்தரமாக வளையவும் மாட்டாது. ஆனால் கண்ணுக்குத் தெரியும், கை வைத்தால் ஆடும், கீழே கதவு இருந்தால் உரசும். வீட்டுக்காரர் "அலுமினியம் பலமில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். உலோகத்தின்மேல் பிழையில்லை, அளவை அப்படியே எடுத்து வைத்ததில்தான் பிழை.

இதற்குத் தீர்வும் இலகுவானது. பெட்டிச் சட்டத்தின் விறைப்பு அதன் அகல உயரத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறுகிறது. எனவே மூன்று மடங்கு விறைப்பு வேண்டுமென்றால் அளவை மூன்று மடங்காக்க வேண்டாம், 1.44 மடங்காக்கினால் போதும். 40 மில்லிமீற்றருக்குப் பதில் ஏறத்தாழ 58. தகட்டுத் தடிப்பு அதேதான். அப்போது தொய்வு பழைய இரும்பின் அளவுக்கு இறங்கிவிடும், பாரம் இரும்பின் பாதியாக இருக்கும். கூடவே இன்னொன்றும் கிடைக்கிறது. வளைவைத் தாங்கும் திறன் அளவின் இரண்டாம் அடுக்கோடு ஏறுவதால், வடிவம் மட்டுமே இரு மடங்கு உதவி செய்கிறது. விறைப்பைக் கணக்குப் பார்த்துச் சட்டத்தைத் தேர்ந்தால் பலம் தானாகவே மிஞ்சும். பலத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் விறைப்பு போதாமல் போகும். அலுமினிய வேலையின் பெரும்பகுதி இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. தகட்டை மிக மெல்லியதாக்கிக்கொண்டு அகலத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பக்கச் சுவர் நெளிந்துவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

களைப்பு என்ற பண்பிலும் இரண்டும் பிரிகின்றன. ஒரு முறை தாங்கும் சுமையை இலட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்பக் கொடுத்தால் உலோகம் மிகச் சிறிய வெடிப்பிலிருந்து மெல்ல உடைகிறது. உருக்கு ஒரு சலுகை தருகிறது: குறிப்பிட்ட ஓர் எல்லைக்குக் கீழே தகைப்பை வைத்திருந்தால், எத்தனை கோடித் தடவை அசைத்தாலும் களைப்பால் உடைவதில்லை. மினுக்கிய சோதனைத் துண்டுகளில் அந்த எல்லை அறுபடும் பலத்தின் பாதியளவு. கறள் தின்னத் தொடங்கினால் இந்தச் சலுகை போய்விடும் என்பது அதன் நிபந்தனை. 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலம், 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வரும்வரை வாகனங்களைச் சுமந்தது. உப்பு வாவிக்கு மேலே ஓர் இரும்புப் பாலம் அவ்வளவு காலம் உழைப்பதென்றால், சட்டங்களில் தகைப்பு அடங்கியிருக்க வேண்டும், பெயின்ட் பூச்சும் தவறக் கூடாது.

அலுமினியத்துக்கு அப்படியோர் எல்லை கிடையாது. 6061-டி6க்கு 97 மெகா பஸ்கால் என்று அட்டவணைகள் தருவது 50 கோடிச் சுழற்சிக்கான எண். அதற்கும் மேல் போனால் இன்னும் குறையும். 50 கோடி என்பது எட்டாத எண் போலத் தெரியலாம். வள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரம் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றினால் வினாடிக்கு 50 அதிர்வு. 50 கோடி அதிர்வுக்கு ஒரு கோடி வினாடி, அதாவது ஏறத்தாழ 2,780 மணி நேரம். நாளுக்கு ஐந்து மணி நேரம், வருடத்தில் 250 நாள் கடலுக்குப் போகிறவருக்கு இரண்டு வருடத்துக்குச் சற்றுக் கூடவே அது முடிந்துவிடுகிறது. ஆகவே இயந்திரத்தைப் பிடித்திருக்கும் அலுமினியத் தாங்கியையும் அதன் போல்ட் துளைகளின் விளிம்புகளையும் அவ்வப்போது கழுவி, வெயில் வெளிச்சத்தில் உற்றுப் பார்ப்பது அவசியம். மயிரிழை போன்ற வெடிப்பு துளையின் விளிம்பிலிருந்தோ கூர்மையான மூலையிலிருந்தோதான் தொடங்கும். நல்ல தடிப்பில் செய்து, மூலைகளை வளைவாக்கினால் தகைப்பு இறங்கி ஆயுள் பல மடங்கு கூடும்.

ஒட்டுதலில் இரும்புக்கு நிகர் இல்லை. வாவிக்கு மேற்கே, வயல்கள் நிறைந்த படுவான்கரையில் எந்தச் சந்தியிலும் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கும். உடைந்த உழவு இயந்திரக் கலப்பையை மாலைக்குள் ஒட்டி வாங்கி வயலுக்குப் போய்விடலாம். அலுமினியத்தில் அது நடக்காது. அதன் மேற்பரப்பில் எப்போதும் இருக்கும் ஒட்சைட்டுப் படலம் 2,000 பாகைக்கு மேல்தான் உருகும். உள்ளே இருக்கும் உலோகமோ 660 பாகையிலேயே உருகிவிடும். சிவந்து காட்டி எச்சரிக்கவும் செய்யாது. ஆர்கன் வாயுவும் அதற்கான இயந்திரமும் பழகிய கையும் தேவை. எல்லாம் சரியாக வாய்த்தாலும் ஓர் இழப்பு மிஞ்சுகிறது. ஒட்டின் சூடு பக்கத்து உலோகத்தின் டி6 பதத்தைக் கலைத்துவிடுவதால், அந்தப் பகுதியின் பலம் பாதியளவுக்கு இறங்கிவிடும். அலுமினியக் கைபிடிகள் பெரும்பாலும் ஒட்டில் உடைவதில்லை, ஒட்டுக்குப் பக்கத்தில் உடைகின்றன. யன்னல் வேலை செய்பவர்கள் மூலைகளை ஒட்டாமல் உள்ளே மூலைத்துண்டு வைத்து ஸ்குரூவால் இறுக்குவது சோம்பலால் செய்வது இல்லை. அதுதான் சரியான முறை.

உப்புக் காற்றுக்கு வருவோம், எல்லோரும் அலுமினியத்தை நாடுவது இதற்காகத்தானே. இரும்பின் கறள் அது பிறந்த இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும், பொருபொருத்து உதிரும், கீழே புதிய இரும்பைக் காற்றுக்குத் திறந்துவிடும். அலுமினியத்தின் ஒட்சைட்டு சில நனோமீற்றர் தடிப்பே ஆனாலும் இறுகப் பற்றிக்கொண்டு, கீறினால் கணத்தில் மீண்டும் மூடிக்கொள்ளும். ஆனால் கடற்காற்றில் வரும் குளோரைட்டு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்துச் சிறுசிறு குழிகளை உண்டாக்கும். அது பெரும்பாலும் அழகைக் கெடுப்பதோடு நின்றுவிடும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாரி மழை நேரே அடித்துக் கழுவும் சட்டத்தை விட, கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே மழை படாமல் இருக்கும் சட்டத்தில்தான் குழிகள் கூடுதலாக விழும். உப்பு அங்கே படிந்தபடியே கிடக்கிறது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இடைக்கிடை துடைத்தால் போதும். கடலுக்கு அருகே வீடு என்றால், மின்முறையில் தடிப்பாக்கிய ஒட்சைட்டுப் பூச்சு 25 மைக்கிரோமீற்றர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. துருப்பிடிக்காத உருக்கு என்று நம்பி வாங்கும் 304 வகையும் கடலோரத்தில் மண்ணிறப் புள்ளி போடும். மொலிப்தினம் சேர்ந்த 316தான் அங்கே நிலைத்து நிற்கும்.

சீமெந்து விடயத்தில் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. ஈரச் சீமெந்தின் காரத்தன்மை இரும்புக் கம்பியின் மேல் பாதுகாப்புப் படலம் போட்டு, கறள் பிடிக்காமல் காக்கிறது; கொங்கிறீட்டுக்கு அடிப்படையே அதுதான். கடல் மணலைக் கழுவாமல் கலந்தால் உப்பு அந்தக் காவலை உடைக்கும். கம்பி கறள் பிடித்துப் பருத்து, தூணை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். அலுமினியத்தையோ அதே ஈரச் சீமெந்து நேரடியாக அரிக்கிறது. சட்டத்தைப் பூட்டிவிட்டுப் பிறகு சுவருக்குப் பூச்சு வேலை செய்தால், தெறித்த சீமெந்து விழுந்த இடமெல்லாம் அழியாத வெளிறிய தழும்பாகும். பூச்சு வேலை முடிந்து காய்ந்த பின் சட்டத்தைப் பூட்ட வேண்டும். முடியாவிட்டால் பொலித்தீனால் சுற்றியாவது வைக்க வேண்டும்.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அலுமினியம் இரும்பைப் போல இரு மடங்கு விரியும்: மூன்று மீற்றர்ச் சட்டம் 30 பாகை சூடேறினால் 2 மில்லிமீற்றர் நீளும், அதற்கு இடைவெளி விட வேண்டும். 200 பாகையைத் தாண்டினாலே அலுமினியம் பலத்தை வேகமாக இழக்கத் தொடங்கும்; உருக்கு அந்த நிலைக்கு வர 500க்கு மேல் வேண்டும். அடுப்படிக்கு மேலே புகைபோக்கித் தாங்கிக்கு இரும்பே நல்லது.

பாரம் குறைவு என்பதும் எப்போதும் நன்மை இல்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட தலைமுறைக்குக் கூரை எப்படிப் பறக்கும் என்பது தெரியும். காற்று மேல்நோக்கி இழுக்கும் விசை தகடு எதனால் செய்யப்பட்டது என்று பார்ப்பதில்லை. கூரையின் பாரம் அந்த இழுவைக்கு எதிரே நிற்கிறது. இரும்புச் சட்டத்துக்குப் பதில் இலேசான சட்டம் போட்டால் அந்தப் பாரம் குறைந்துபோகும். சுவரோடு பிடிக்கும் போல்ட்டுகளை அதற்கேற்பக் கூட்டியே ஆக வேண்டும்.

வயற்பக்கத்துக்கு வந்தால் அலுமினியத்துக்குப் பெரிதாக வேலை இல்லை. மண்வெட்டியும் கலப்பை நுனியும் மணலோடு உரசித் தேய்பவை. 6061-டி6இன் கடினம் பிறினெல் அளவில் 95. காபன் கூடிய உருக்கைப் பதமாக்கினால் 500ஐத் தாண்டும். பலத்திலும் மென்னுருக்கின் 250 மெகா பஸ்கால் என்பது உருக்கு ஏணியின் கீழ்ப்படிதான். கொங்கிறீட்டுக் கம்பியே 500 வகையில் வருகிறது, வில்லுருக்கு 1,000க்கும் மேலே போகிறது. அந்த ஏணியின் மேற்படிகளுக்கு அலுமினியம் ஏறி வர முடியாது. வாவிக்கு அப்பால் உப்புக் காற்றும் குறைவு. நல்ல அடிப்பூச்சு போட்ட இரும்பு அங்கே விலைக்கும் திருத்தத்துக்கும் பொருத்தமானது என்பது என் எண்ணம்.

இரண்டு உலோகங்களும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொடும் இடம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. அங்கே ஒரு சிறிய மின்கலமே உருவாகி, அலுமினியம் தன்னைக் கரைத்து இரும்பைக் காக்கத் தொடங்கும். எவ்வளவு வேகம் என்பதைப் பரப்பளவு தீர்மானிக்கிறது. பெரிய அலுமினியச் சட்டத்தில் சிறிய 316 ஸ்குரூ என்றால் அரிப்பு பரந்து போய்ச் சமாளிக்கலாம். நைலோன் வொஷர் ஒன்று போட்டால் இன்னும் நல்லது. பெரிய இரும்புக் கேட்டில் தகடு பிடிக்கச் சிறிய அலுமினிய ரிவெட் அடித்தால், கேட்டின் முழுப் பரப்பும் சேர்ந்து அந்த ரிவெட்டைத் தின்றுவிடும். கடலோரக் கேட்டுகளில் தகடு நன்றாக இருக்கும்போதே ரிவெட்டுகள் மட்டும் வெள்ளைப் பொடியாகி உதிர்வது இதனால்தான். இரும்புக்கு இரும்பு ரிவெட்டே அடிக்க வேண்டும்.

இதே விதியை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். வெளியிணைப்பு இயந்திரத்தின் அடிப்பாகம் அலுமினிய வார்ப்பு. உள்ளே சுற்றும் தண்டோ உருக்கு. அலுமினியத்தைக் காக்க அதைவிட வேகமாகக் கரையும் ஒரு கட்டியை அங்கே பூட்டியிருப்பார்கள். அது கரைந்து குழிவிழுந்தால் வேலை செய்கிறது என்று பொருள். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். இயந்திரத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது அதற்கும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். பெயின்ட் பட்ட கட்டி தண்ணீரைத் தொட முடியாமல் சும்மா இருக்க, அரிப்பு இயந்திர உடலுக்குத் திரும்பிவிடும். எந்தக் கட்டி என்பதும் தண்ணீரைப் பொறுத்தது. ஆழ்கடலுக்கு நாகக் (சிங்க்) கட்டி போதும். வாவியிலோ உப்பு மாறிக்கொண்டே இருக்கும்: மாரியில் வெள்ளம் வந்து நன்னீராகும், முகத்துவாரம் திறந்து கடல் உள்ளே வந்தால் உப்பாகும், கோடையில் வற்றி இறுகும். உப்புக் குறைந்த நீரில் நாகத்தின் மேல் ஓர் ஏடு படிந்து அது உறங்கிவிடும். வாவியில் ஓடும் இயந்திரத்துக்கு அலுமினியக் கலப்புலோகத்தில் செய்த கட்டியே ஏற்றது. உப்பு நீர், கலப்பு நீர் இரண்டிலும் அது விழித்திருக்கும்.